நாலு வரதர் வயசு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தடவிய அதே வலது கையால்தான் இது எழுதப்படுகிறது; தடவிவிட்டு வந்து கையைக்கூடக் கழுவவில்லை. கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை, குறைத்துச் சொன்னது கொஞ்சம் இருக்கலாம். நம்பாதவர்கள் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து பெரியநாயகியை விசாரித்துக்கொள்ளலாம். விசாரித்தால் அவள் வாயைத் திறக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

பெரியநாயகிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தோல் டாக்டர் யேசுதாஸின் கிளினிக்கில் பதினாறு வருஷமாக டோக்கன் கொடுப்பவள். வருகிறவர்களின் பெயரையும் வயதையும் நீள நோட்டில் எழுதி, மஞ்சள் அட்டையை நீட்டி, "உக்காருங்க, கூப்புடுவாங்க" என்பாள். மருந்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்பாள். சொறி சிரங்குக்காரர்களிடம் அப்படிச் சொல்லலாமா என்று டாக்டரே ஒருமுறை கேட்டிருக்கிறார். பழக்கம், விடவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"நாயகிம்மா, ஜூலை ஒண்ணாந்தேதியிலேருந்து நோட்டு கெடையாது. எல்லாம் கம்ப்யூட்டரு. உனக்குத் தெரியுமில்ல?"

"டெய்லி தொடைக்கிறனே சார்."

"தொடச்சா போதாதும்மா. எதுனா ஒரு சர்ட்டிபிகேட் கொண்டாந்துடு. இல்லன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். கோச்சிக்காத."

அப்படித்தான் அவள் ராமராஜனின் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். பரீட்சை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறைதான் கடைசி. அது ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அதற்கடுத்த திங்கட்கிழமை ஒண்ணாந்தேதி.

சென்டர் இருந்தது ஒரு நீளமான ஓட்டு வீட்டில். முன்பு அங்கே ஆறு தறி ஓடியது. நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதற்குத் தரையில் ஆறு குழி உண்டு. ஐந்து குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டிய கொத்தனார், ஆறாவதை மூட வரவேயில்லை. காரணமும் சொல்லவில்லை. ராமராஜன் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு நாலாம் நம்பர் கம்ப்யூட்டரை வைத்துவிட்டான். அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஆனி மாத வெயிலிலும் கால் சில்லென்று இருக்கும். ஏசி போட்ட மாதிரி என்று பெரியநாயகி அதையே பிடித்துக்கொண்டாள்.

ராமராஜனுக்கு இருபத்தைந்து வயது. அவளை 'அக்கா' என்பான். அடுத்த கம்ப்யூட்டரில் உட்காரும் சின்னப்பையனை 'பெரியவரே' என்பான். சின்னப்பையன் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டர் படிக்க வந்திருந்தார்.

"யூசரை மட்டும் நம்பாதீங்க" என்பதுதான் ராமராஜனின் முதல் பாடமும் கடைசிப் பாடமும். "வயசு கேட்டா பேரை அடிப்பான். பேரைக் கேட்டா புள்ளி வெப்பான். மைனஸ் அஞ்சுன்னு அடிப்பான். தப்புன்னா தப்புன்னு மெசேஜ் குடுக்கணும், மறுபடி கேக்கணும். சரியா அடிக்கிற வரைக்கும் லூப்பை விட்டு வெளிய உடாதீங்க. இதுக்குப் பேர்தான் வேலிடேஷன். பத்து மார்க்ல பாதி இதுக்குத்தான்."

பெரியநாயகி தனக்குத் தெரிந்ததையே ப்ரோக்ராமாக எழுதினாள். டோக்கன் ப்ரோக்ராம். வயது என்ன என்று கேட்கும். எழுத்தை அடித்தாலோ, ஒன்றுக்குக் கீழே நூற்றிருபதுக்கு மேலே அடித்தாலோ, 'சரியான வயதைக் கொடுக்கவும்' என்று சொல்லி மறுபடி கேட்கும். பன்னிரண்டுக்குக் கீழே என்றால், 'குழந்தைகள் அம்மாவை அழைத்துக்கொண்டு வரவும்' என்று சொல்லும். பன்னிரண்டிலிருந்து நூற்றிருபது வரை, 'உட்காருங்கள். டோக்கன் தரப்படும்.' ஒருவர் முடிந்ததும் அடுத்தவரின் வயதைக் கேட்கும்.

பரீட்சை வாரத்துத் திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணி. கோயில் நடை சாத்தியிருந்த நேரம். தெருவில் நாய்கூட இல்லை. ப்ரோக்ராமை ஓடவிட்டுவிட்டு, பெரியநாயகி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது திரையில் இரண்டு வரி இருந்தது.

வயது: 4
குழந்தைகள் அம்மாவை அழைத்துக்கொண்டு வரவும்.

"யாருப்பா என் கம்ப்யூட்டரைத் தொட்டது?"

"நான் என் கம்ப்யூட்டரையே தொடலம்மா" என்றார் சின்னப்பையன். உண்மைதான். அவர் காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார்.

நாலாம் எண் கீயில் ஈரம் இருந்தது. பெரியநாயகி முந்தானையால் துடைத்தாள். குளத்துப் பாசி வாசனை அடித்தது. பலகைக்கு அடியில், காலுக்குக் கீழே, யாரோ கால் மாற்றிக் கால் மிதிக்கிற மாதிரி மெல்லிய சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு காலால் நிதானமாக நடக்கிற எலி.

செவ்வாய்க்கிழமை அதே மூன்று மணி. இந்த முறை அவள் எழுந்து போகவில்லை. விரல்களை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரே ஐந்தாம் எண் கீ மெதுவாக உள்ளே போய் மேலே வந்தது. பிறகு என்டர்.

வயது: 5
குழந்தைகள் அம்மாவை அழைத்துக்கொண்டு வரவும்.

அவளுக்குப் பின்னால் இருந்த காலி பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு முறை முனகியது. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தால் வருகிற சத்தம். பதினாறு வருஷமாக வெயிட்டிங் ஹாலில் கேட்ட சத்தம், அவளுக்குத் தப்பாது. திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஹால் நிறைய நாற்காலி காலியாகக் கிடந்தும் சென்டரின் மற்ற பிள்ளைகள் நின்றுகொண்டே படித்தார்கள். உட்கார்ந்தால் யாரோ மடிமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. ஒரு தாள் பறக்கவில்லை. ராமராஜன் நாலாம் நம்பரின் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தான். அதனால் ஒன்றும் மாறவில்லை. ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "வைரஸ்" என்றான்.

சின்னப்பையன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் திரையைப் படித்தார்.

"நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. ஏம்மா, எல்லாம் இன்னா கொழந்தைங்களா?"

"வயசு அப்படித்தான் அடிச்சிருக்குது."

"நீ டோக்கன் குடுக்கச்சொல்ல வயசான ஆளுங்க இன்னான்னு வயசு சொல்லுவாங்க?"

பெரியநாயகிக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. குழிக்காற்று இல்லை அது.

அந்த ஊரில் பழைய ஆட்கள் வயதை வருஷத்தில் சொல்வதில்லை. கோயில் குளத்துக்கு அடியில் அத்திவரதர் தண்ணீருக்குள் படுத்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து நாற்பத்தெட்டு நாள் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி குளத்துக்குள் போய்விடுவார். கடைசியாக வந்தது 2019-இல். "எனக்கு இன்னா வயசா? ரெண்டு வரதர் பாத்துட்டேன்" என்பார்கள். பெரியநாயகி ஆளின் முகத்தைப் பார்த்து, அறுபதோ எழுபதோ, நோட்டில் எழுதிக்கொள்வாள். பதினாறு வருஷமாகச் செய்ததுதான். ப்ரோக்ராம் எழுதும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. ப்ரோக்ராமுக்கு முகம் பார்க்கத் தெரியாது.

"மூணு வரதர் பாத்தவங்களே ஊருக்குள்ள நாலஞ்சு பேருதான்" என்றார் சின்னப்பையன். குரல் தணிந்துவிட்டது. "நாலு பாக்கணும்னா நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆவுமேம்மா. உயிரோட இருக்கறவங்க யாரும் நாலு பாத்திருக்க முடியாது."

"அப்ப அஞ்சு?"

"நீதான எழுதியிருக்கற, அம்மாவை இட்டுக்கினு வான்னு. அவரு போயி இட்டாந்துட்டாரு. அந்தம்மாவையும் நீ கொழந்தைன்னுட்ட. அது போயி அதோட ஆத்தாளை இட்டாந்துட்சி."

ஹாலில் ஐந்து நாற்காலிகள் ஒரே சமயத்தில் முனகின. ஆமாம் என்பது போல இருந்தது.

"ப்ரோக்ராமை அழிச்சிடலாம்க்கா" என்றான் ராமராஜன்.

"அழிச்சா பரீட்சைக்கு நான் இன்னாத்தக் காட்றது? அதுவுமில்லாம வரவும்னு எழுதிக் கூப்ட்டது நாமதான. கூப்ட்டுட்டு வாசல்ல கதவை சாத்தறதா?"

ராமராஜன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அந்தப் பக்கத்தில் கூப்பிட்டவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

வியாழக்கிழமை காலையில் பெரியநாயகி ப்ரோக்ராமில் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். வயது வருஷக் கணக்கா, வரதர் கணக்கா? வரதர் என்றால் நாற்பதால் பெருக்கிக்கொள்ளும். நூற்றிருபதைத் தாண்டினால், ராமராஜன் சொல்லிக்கொடுத்தபடி, 'சரியான வயதைக் கொடுக்கவும்'. உயிரோடு இருப்பவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

மூன்று மணிக்கு ஒன்பது வந்தது. வரதர். சரியான வயதைக் கொடுக்கவும். ஒன்பது. வரதர். சரியான வயதைக் கொடுக்கவும். ஒன்பது.

அவசரமில்லாமல், கோபமில்லாமல், அந்தக் கீ போய்ப் போய் வந்தது. இருநூறு தடவைக்கு மேல். பெரியநாயகிக்கு முதலில் பயமாக இருந்தது. அரை மணி கழித்துப் பாவமாக இருந்தது. அந்தம்மாளுக்கு வேறு வயது கிடையாது. உண்மையைச் சொல்கிறாள், தப்பு என்கிறார்கள், திரும்பவும் கேட்கிறார்கள், திரும்பவும் உண்மையையே சொல்கிறாள். சரியாக அடிக்கும்வரை வெளியே விடாத லூப் அது. போகச் சொல்லவும் இல்லை, உள்ளே விடவும் இல்லை.

"இந்த வரதர் கேள்வி சிலபஸ்லயே இல்லக்கா. எடுத்துடுங்க, மிஷின் தொங்கிடும்" என்று ராமராஜன் பழைய ப்ரோக்ராமையே ஓடவிட்டான். தப்பு அங்கேதான் நடந்தது. அவன் நிமிர்வதற்குள் ஒன்பது, பத்து, பதினொன்று. அம்மாவை அழைத்துக்கொண்டு வரவும். அம்மாவை அழைத்துக்கொண்டு வரவும். அம்மாவை அழைத்துக்கொண்டு வரவும். ஹாலில் எட்டு நாற்காலிகளின் கால்கள் வளைந்து நின்றன.

பெரியநாயகி விரல் விட்டு எண்ணினாள். அடுத்து பன்னிரண்டு.

"பன்னண்டுக்கு இன்னாம்மா சொல்லும்?" என்று சின்னப்பையன் கேட்டார்.

"உட்காருங்கள், டோக்கன் தரப்படும்."

"டோக்கன் தருமா?"

"அது வெறும் எழுத்துதாண்ணா. டோக்கனுக்கு நான் எங்க போறது? எங்க கிளினிக்கில உக்காருன்னு சொல்லிட்டா டோக்கன் வாங்காம ஒருத்தர் எந்திரிக்கமாட்டாங்க. ஒரு தீவாளி அன்னிக்கி கரண்டு போயி டாக்டரே கெளம்பிட்டாரு, பதினோரு பேரு உக்காந்துனே இருந்தாங்க."

உயிருள்ளவர்களே அப்படி. இவர்கள் எவ்வளவு காலம் உட்காருவார்களோ, வரதருக்கே வெளிச்சம்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குத்தான் சின்னப்பையன் வந்தார். தலை ஈரம் சொட்டியது, வேட்டி பிழிந்து கட்டியது போல இருந்தது.

"மில்லுல கூட வேலை பாத்தவரு காலையில தவறிட்டாரு. எடுத்துட்டாங்க. அப்படியே ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துட்டேன்."

"வூட்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கினு வந்தீங்களா?" பெரியநாயகி ஏதோ ஞாபகத்தில் கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா நீ, தெரியாதவ மாதிரி! சாவு வூட்ல யாரு சொல்லிக்கினு வருவாங்க? போயிட்டு வரேன்னா, மறுபடி வரமாதிரி ஆயிடுமே. நம்ம பாட்டுக்கு எழுந்து வந்துடணும். அவங்களும் வாங்கன்னு சொல்லக்கூடாது, போங்கன்னும் சொல்லக்கூடாது."

பெரியநாயகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலாம் நம்பருக்குத் திரும்பி, இருபது நிமிஷத்தில் எழுதி முடித்தாள். வரதர் கேள்வியைத் திரும்பச் சேர்த்தாள். பெருக்கி வருகிற எண் நூற்றிருபதைத் தாண்டினால் தப்பு என்று சொல்லாது, மறுபடி கேட்காது, வரவும் என்றோ போகவும் என்றோ ஒரு எழுத்தும் காட்டாது. ப்ரோக்ராம் பாட்டுக்கு முடிந்துவிடும்.

ராமராஜன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அக்கா, மெசேஜ் இல்லன்னா மூணு மார்க் போயிடும். கேள்வி அதிகமா கேட்டதுக்கு இன்னும் ஒண்ணு. ஆறு எடுத்தாத்தான் பாஸு. வேற எதுனா ஒரு தப்பு வந்தாலும் அவ்ளோதான். வேலை போயிடும்க்கா."

"தெரியும்பா."

மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து பரீட்சை அதிகாரி சுகாசினி வந்தாள். கண்டிப்பான பெண். ஹாலுக்குள் வந்ததும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏசி இருக்கா இங்க?" என்று கேட்டாள். உட்கார நாற்காலியை இழுத்தாள், அது வரவில்லை. இரண்டாவதை இழுத்தாள், அதுவும் வரவில்லை. நின்றபடியே பரீட்சை வைத்தாள்.

வயதுக்கு 'abc' என்று அடித்தாள். சரியான வயதைக் கொடுக்கவும். மைனஸ் ஐந்து. சரியான வயதைக் கொடுக்கவும். இரண்டு, வரதர். உட்காருங்கள், டோக்கன் தரப்படும்.

"வரதர்னா என்ன யூனிட்?"

"எங்க ஊரு யூனிட்டுங்க மேடம்."

இருநூறு என்று அடிக்க சுகாசினி விரலைத் தூக்கினாள். அவள் விரல் கீயைத் தொடவில்லை. அதற்கு முன்னால் ஒன்று என்ற கீ உள்ளே போயிற்று. அடுத்து இரண்டு. கீயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

வயது: 12
வருஷமா, வரதரா: வரதர்

பலகைக்கு அடியில் மிதிச்சத்தம் நின்றுவிட்டது. திரை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு ப்ரோக்ராம் மூடிக்கொண்டது. ஒரு சொல் இல்லை.

முதல் நாற்காலி நிமிர்ந்தது. அதன் நான்கு கால்களும் ஒரு சொடுக்கோடு நேரானதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்தது நிமிர்ந்தது. அடுத்தது. தரையில் ஈரப் பாதங்கள், பெரிதும் சிறிதுமாக, நாலாம் நம்பர் பலகையை நோக்கி வரிசையாகப் போயின. ராமராஜன் வளர்ப்பு அப்படி. பயத்திலும் மரியாதை விடாமல், "போயிட்டு வா…" என்று ஆரம்பித்தான். சின்னப்பையன் அவன் வாயைப் பொத்தினார்.

கடைசியாகப் போனவர், முதலில் வந்த நாலு வரதராகத்தான் இருக்க வேண்டும், பெரியநாயகியின் முன்னால் நின்றார். எதிரே ஒன்றும் தெரியவில்லை. காலடியில் இரண்டு ஈரச்சுவடு மட்டும். டோக்கனுக்குக் கை நீட்டுகிற ஆளின் முன்னால் நிற்கும்போது இருக்குமே, அந்த உணர்வு. பதினாறு வருஷப் பழக்கம் அவள் நாக்கு நுனிவரை வந்து முட்டியது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ரத்தம் கரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை.

சுவடு நகர்ந்தது. பலகை ஒருமுறை தூக்கிக்கொண்டு மறுபடி அமர்ந்தது. மின்விசிறிக் காற்றில் சுகாசினியின் மார்க் தாள் படபடத்தது.

சுகாசினி தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்டிப்பு குறையாமல், "பெரிய வயசு வந்தா மெசேஜ் வரணுமே, எங்க?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குச் சொல்லக்கூடாதுங்க மேடம்."

சுகாசினி தாளில் நாலு மார்க்கைக் கழித்தாள். மீதி ஆறு. கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள். நின்றுகொண்டேதான் இருந்தாள் என்றாலும், எழுந்து போன மாதிரித்தான் இருந்தது.

ஒண்ணாந்தேதி திங்கட்கிழமை கிளினிக்கில் முதலில் வந்தது ரேணுகாம்பாள் என்ற அம்மாள், கையில் படையோடு.

"வயசும்மா?"

"ரெண்டு வரதர் பாத்துட்டேண்டி."

பெரியநாயகி தன் ப்ரோக்ராமிலேயே இரண்டு அடித்து, வரதர் என்று அடித்தாள். டோக்கன் தரப்படும் என்றது. மஞ்சள் அட்டையை நீட்டி, "உக்காருங்க, கூப்புடுவாங்க" என்றாள். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது மட்டும் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை, தலையை ஆட்டுவதோடு சரி. டாக்டருக்கு அது பிடித்திருந்தது. சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு அவள் தலைக்கு மேல் மாட்டிவிட்டார்.

ராமராஜனின் சென்டருக்கு முதன்முதலாகக் கரண்டு கனெக்‌ஷன் கொடுத்தது மறு வருஷம், 2025 தை மாதம் பதினோராம் தேதி.